அத்தியாயம் 6: ஓரத்தில் நிற்கும் பிள்ளையும் ஓட வேண்டும்

தமிழ்நாட்டுப் பள்ளிகளில் கால அட்டவணை போடும்போது கணக்கும் அறிவியலும் முதலில் இடம்பிடிக்கின்றன. மிச்சமிருக்கும் கட்டத்தில்தான் பி.டி. பீரியட் வந்து உட்காருகிறது. காலாண்டுத் தேர்வு நெருங்கினால் அந்தக் கட்டமும் கைமாறிவிடும். பத்தாம் வகுப்புக்கு வந்துவிட்டால் பல பள்ளிகளில் அது பெயரளவுக்குத்தான் இருக்கிறது. போவது வெறும் நாற்பது நிமிட ஆட்டம்தானே என்று யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் அந்தப் பிள்ளையின் நாற்பதாவது, அறுபதாவது வயதின் உடல்நலத்தில் ஒரு பங்கு அதோடு சேர்ந்து போகிறது.

தலைமை ஆசிரியர், உடற்கல்வி ஆசிரியர், உடற்கல்வி ஆசிரியர் இல்லாத பள்ளியில் அந்தப் பாடவேளையைப் பார்த்துக்கொள்ளும் வகுப்பாசிரியர், பெற்றோர் ஆகிய நால்வருக்காகவும் இந்த அத்தியாயம் எழுதப்பட்டிருக்கிறது. இதன் அடிப்படை ஒன்றுதான். ஒரு பள்ளியின் உடற்கல்வியை அலமாரியில் இருக்கும் கோப்பைகளை வைத்து எடைபோடாதீர்கள். மைதானத்தின் ஓரத்தில், வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருக்கும் பிள்ளை இன்று எத்தனை நிமிடம் ஓடியது என்று பாருங்கள். தெருவில் கிரிக்கெட் ஆடும் பிள்ளை எப்படியும் ஆடிக்கொள்ளும். பள்ளியை விட்டால் ஓட வேறு இடமே இல்லாத பிள்ளைக்கு இந்தப் பாடவேளைதான் ஒரே வாய்ப்பு.

பள்ளி வயதில் விட்டால் பிறகு ஈடுகட்ட முடியாதவை

முதலில் எலும்பு. கனடாவின் சஸ்காட்செவன் பல்கலைக்கழகத்தில் 1991-இல் தொடங்கிய நீண்டகால ஆய்வு, வளரும் பிள்ளைகளின் எலும்பில் தாது சேர்வதை ஆண்டுதோறும் அளந்து வந்தது. வளர்ந்த மனிதரின் எலும்பில் இருக்கும் தாதுவில் ஏறக்குறைய கால்பங்கு, பருவ வளர்ச்சியின் உச்சத்தையொட்டிய இரண்டே ஆண்டுகளில் சேர்ந்துவிடுகிறது என்று அதில் தெரிந்தது. பெண்பிள்ளைகளுக்கு அந்த உச்சம் ஏறத்தாழ பன்னிரண்டரை வயதிலும், ஆண்பிள்ளைகளுக்கு பதினான்கு வயதிலும் வருகிறது. ஓடுவதும் குதிப்பதும் எலும்புக்குச் சுமை தருகின்றன. அந்தச் சுமையைத் தாங்கத்தான் எலும்பு தடிக்கிறது. சம்பாதிக்கும் வயதில் போட்டுவைத்த பணம் முதுமையில் கைகொடுப்பதுபோல, ஏழாம், எட்டாம், ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்த எலும்பின் வலு அறுபது வயதில் தடுக்கி விழும்போது இடுப்பைக் காக்கிறது. நம் வீடுகளில் "இனிமே ஓடியாடக் கூடாது" என்று பெண்பிள்ளைகளுக்குச் சொல்லப்படுவதும் சரியாக அந்த ஆண்டுகளில்தான்.

அடுத்தது சர்க்கரை நோயும் இதயமும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் துணையோடு நாடு முழுவதும் நடந்து 2023-இல் வெளியான ஆய்வு, இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாக மதிப்பிட்டது. தமிழ்நாட்டில் வயதுவந்தோரில் 14.4 சதவீதம் பேர். உணவு, பரம்பரை, உடலுழைப்புக் குறைவு எல்லாமே இதற்குக் காரணங்கள். உடலுழைப்பு இதயத்தை எவ்வளவு காக்கிறது என்பதை லண்டன் பேருந்துகளில் ஜெரி மோரிஸ் 1953-இலேயே காட்டிவிட்டார். நாள் முழுக்க உட்கார்ந்தே ஓட்டிய டிரைவர்களைவிட, மாடிப் பேருந்தில் படி ஏறி இறங்கி டிக்கெட் கொடுத்த கண்டக்டர்களுக்கு இதயநோய் குறைவாக வந்தது. இன்று நம் பிள்ளைகளில் பெரும்பாலோர் போகவிருப்பது உட்கார்ந்து பார்க்கும் வேலைகளுக்கு. வேலை தராத அசைவைத் தாங்களே தேடிக்கொள்ளும் பழக்கம் அவர்களுக்கு இப்போதே வர வேண்டும்.

மூன்றாவது கண். சீனாவின் குவாங்சோ நகரில் 12 தொடக்கப் பள்ளிகளின் முதல் வகுப்புப் பிள்ளைகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு ஒவ்வொரு பள்ளி நாளும் கூடுதலாக 40 நிமிடம் வெளியே வகுப்பு வைத்தார்கள். மூன்று ஆண்டுகள் கழித்து, வெளியே போனவர்களில் 30.4 சதவீதம் பேருக்குக் கிட்டப்பார்வை வந்திருந்தது, மற்றவர்களில் 39.5 சதவீதம். பகல் வெளிச்சத்தில் இருப்பதே ஒரு தடுப்பு மருந்தாக வேலை செய்கிறது.

இவற்றையெல்லாம்விட முக்கியமானது பழக்கம். பின்லாந்தில் 1980-இல் தொடங்கிய இளையோர் ஆய்வில், பள்ளி வயதில் தொடர்ந்து பல ஆண்டுகள் சுறுசுறுப்பாக இருந்தவர்களே 21 ஆண்டுகள் கழித்தும் சுறுசுறுப்பாக இருக்க அதிக வாய்ப்பு இருந்தது. இதில் "தொடர்ந்து" என்ற சொல்லைக் கவனியுங்கள். விளையாட்டு விழாவுக்கு முந்தைய இரண்டு வாரப் பயிற்சி இந்த வேலையைச் செய்யாது.

"மார்க் குறைந்துவிடாதா?"

பெற்றோர் கூட்டத்தில் இந்தக் கேள்வி நிச்சயம் வரும். நேர்மையான கேள்வி, நேரான பதிலும் இருக்கிறது.

கனடாவின் கியூபெக் மாநிலத்தில் 1970 முதல் 1977 வரை, துருவா ரிவியேர் பகுதியில், தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கு நாள்தோறும் ஒரு மணி நேரம் உடற்கல்வி கொடுத்தார்கள். அந்த நேரத்தை மற்ற பாடங்களிலிருந்துதான் எடுத்தார்கள். பாட நேரம் ஏறத்தாழ 13 சதவீதம் குறைந்தது. அப்படியும் மதிப்பெண் குறையவில்லை. அதே பள்ளிகளில் வழக்கமான அட்டவணையில் படித்த பிள்ளைகளைவிட இவர்கள் பின்தங்கவே இல்லை. இருபது ஆண்டுகள் கழித்து அவர்களைத் தேடிப்பிடித்துக் கேட்டபோது, அந்தத் திட்டத்தில் படித்த பெண்களில் வாரத்துக்கு மூன்று முறையோ அதற்கு மேலோ உடற்பயிற்சி செய்பவர்கள் அதிகம் இருந்தார்கள்.

கவனத்தைப் பற்றியும் ஆய்வு உண்டு. அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் சார்லஸ் ஹில்மன் குழு 2009-இல் வெளியிட்ட ஆய்வில், இருபது நிமிடம் வேகமாக நடந்துவிட்டு வந்த பிள்ளைகள் கவனச் சோதனையில் குறைவாகத் தவறினார்கள். ஆகவே கணக்கு ஆசிரியருக்கு நீங்கள் சொல்ல வேண்டியது இது: "சார், பி.டி. பீரியடை எனக்கு விட்டுக் கொடுங்கள். அடுத்த பீரியடில் உங்களுக்குத் தெளிந்த பிள்ளைகளை அனுப்புகிறேன்."

சட்டமும் இந்தப் பக்கம்தான் நிற்கிறது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை ஒவ்வொரு பள்ளிக்கும் விளையாட்டு மைதானமும் விளையாட்டுப் பொருள்களும் வேண்டும் என்கிறது. ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளில் நூறு பேருக்கு மேல் இருந்தால் உடல்நலம் மற்றும் உடற்கல்விக்குப் பகுதிநேரப் பயிற்றுநர் வேண்டும் என்றும் சொல்கிறது. யுனெஸ்கோ 1978-இல் வெளியிட்டு 2015-இல் திருத்திய சாசனம் உடற்கல்வியை ஒவ்வொருவரின் அடிப்படை உரிமை என்று அறிவிக்கிறது. நீங்கள் கேட்பது சலுகை அல்ல.

ஒரு கணக்கு

உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதல்படி, 5 முதல் 17 வயது வரையுள்ளவர்களுக்கு நாளுக்குச் சராசரியாக 60 நிமிடமாவது மூச்சு வாங்கும் அளவுக்கு உடலசைவு வேண்டும். வாரத்தில் மூன்று நாளாவது தசையையும் எலும்பையும் வலுவாக்கும் பயிற்சி வேண்டும். நாளுக்கு 60 நிமிடம் என்றால் வாரத்துக்கு 420 நிமிடம்.

வாரத்தில் நாற்பது நிமிடப் பாடவேளை இரண்டு என்றால் 80 நிமிடம். வரிசை நிற்க, வருகை எடுக்க, பந்து எடுத்துவரப் போகும் நேரத்தைக் கழித்தால் உண்மையில் ஓடுவது அதில் பாதிதான். இந்தப் பாடவேளை மட்டும் 420 நிமிடத்தை நிரப்பவே முடியாது. ஆகவே அதற்கு இரண்டு வேலைகளை ஒதுக்குங்கள். இருக்கும் நிமிடங்களில் எல்லாப் பிள்ளைகளையும் அசைய வைப்பது ஒன்று. மற்ற ஐந்து நாளும் தானாக விளையாடத் தேவையான திறமையையும் ஆசையையும் கொடுத்தனுப்புவது இன்னொன்று. இரண்டில் பின்னதுதான் பெரிது. பந்தைப் பிடிக்கத் தெரியாத பிள்ளை மாலையில் தெருவில் ஆட்டத்துக்குள் போகவே போகாது.

நாற்பது நிமிடத்தைப் பகிர்ந்து கொள்வது எப்படி

முதல் 5 நிமிடம்: உடலைச் சூடேற்றுதல். வரிசையில் நின்று கையை உயர்த்தித் தாழ்த்துவதைவிட, ஒருவரையொருவர் தொட்டுப் பிடிக்கும் சிறு ஓட்டம் நல்லது. மைதானத்துக்கு நடந்து வருவதையே ஓடி வருவதாக மாற்றலாம்.

அடுத்த 10 நிமிடம்: ஒரே ஒரு திறமை. இன்று பிடிப்பது, நாளை எறிவது, மறுவாரம் குதித்து இரு காலில் இறங்குவது. இருவர் இருவராக நின்று பழகட்டும்.

அடுத்த 20 நிமிடம்: அந்தத் திறமை பயன்படும் சிறு ஆட்டங்கள். ஓர் அணிக்கு நான்கைந்து பேர், பல ஆட்டங்கள் ஒரே நேரத்தில்.

கடைசி 5 நிமிடம்: மெல்ல நடந்து, தசைகளை நீட்டி, தண்ணீர் குடித்து, இன்று என்ன முடிந்தது என்று பிள்ளைகளையே சொல்லவிடுதல்.

இந்த அமைப்பு பலன் தர, நான்கு விதிகளைக் கறாராகக் கடைப்பிடியுங்கள்.

1. காத்திருக்கும் ஆட்டம் வேண்டாம். நாற்பது பேரை வைத்து ஒரே கிரிக்கெட் ஆட்டம் நடத்தினால் ஓடுபவர்கள் நான்கைந்து பேர். முழு அணி கோ-கோவிலும் எட்டுப் பேர் உட்கார்ந்துதான் இருப்பார்கள். ஆட்டங்களை நல்ல ஆட்டங்களாகவே வைத்துக்கொண்டு, ஆள் எண்ணிக்கையைக் குறைத்துப் பல குழுக்களாகப் பிரியுங்கள்.

2. "அவுட்" ஆனவர் வெளியே உட்காரக் கூடாது. முதலில் அவுட் ஆகும் பிள்ளைக்குத்தான் பயிற்சி மிகவும் தேவை. அவுட் ஆனால் பத்து முறை குதித்துவிட்டு உள்ளே வரலாம் என்று விதியை மாற்றுங்கள்.

3. இரண்டு கேப்டன்கள் ஆள் பிரிக்கும் வழக்கத்தை நிறுத்துங்கள். யாரும் அழைக்காமல் கடைசியாக நிற்கும் அவமானம்தான் பலரை ஆயுள் முழுக்க மைதானத்திலிருந்து விரட்டுகிறது. சாட், பூட், த்ரீ போதும்; அல்லது ஒன்று, இரண்டு, மூன்று என எண்ணச் சொல்லிப் பிரியுங்கள்.

4. ஓட்டத்தைத் தண்டனையாக்காதீர்கள். வீட்டுப்பாடம் எழுதாததற்கு "கிரவுண்டை மூணு ரவுண்டு ஓடு" என்று சொன்னால், ஓடுவது என்பது தவறுக்குக் கிடைக்கும் கூலி என்று பிள்ளை கற்றுக்கொள்ளும். பி.டி. பீரியடை ரத்து செய்வதும் தண்டனையாகக் கூடாது.

பாடவேளை சரியாக நடக்கிறதா என்று அறிய எளிய வழி: இடையில் எப்போதாவது நிமிர்ந்து பாருங்கள். வகுப்பில் பாதிப் பேராவது ஓடிக்கொண்டோ குதித்துக்கொண்டோ இருக்க வேண்டும். இல்லையென்றால் ஆட்டத்தை உடனே சிறு குழுக்களாக உடையுங்கள்.

வயதுக்கு ஏற்றபடி

ஒன்று முதல் ஐந்து வரை: ஓடுதல், குதித்தல், நொண்டுதல், எறிதல், பிடித்தல், உதைத்தல், சமநிலை. எல்லா விளையாட்டுக்கும் இவைதான் அரிச்சுவடி. பாண்டி ஒற்றைக்கால் சமநிலையைத் தரும். பச்சைக்குதிரை தாண்டவும் இறங்கவும் பழக்கும். கல்லா மண்ணா, கிளித்தட்டு இரண்டிலும் சட்டென்று திசைமாற்றி ஓடும் பயிற்சி இருக்கிறது. இந்த வயதில் போட்டியும் பரிசும் தேவையில்லை.

ஆறு முதல் எட்டு வரை: பல ஆட்டங்களைச் சுவைக்கும் வயது. கபடி, கால்பந்து, எறிபந்து, வளையப்பந்து, பூப்பந்து, சிலம்பம் என்று பருவத்துக்கு இரண்டு மூன்றாக மாற்றுங்கள். எலும்பு வளர்ச்சியின் உச்சம் இங்கே வருவதால் ஸ்கிப்பிங் போன்ற குதிக்கும் பயிற்சி வாரந்தோறும் இருக்கட்டும்.

ஒன்பது முதல் பன்னிரண்டு வரை: தேர்ந்தெடுக்கவிடுங்கள். வேக நடை, மெல்லோட்டம், யோகா, ஷட்டில், சைக்கிள், சொந்த உடல் எடையை வைத்தே செய்யும் தண்டால், உட்கார்ந்தெழுதல் ஆகியவை ஆள் சேராமல், செலவில்லாமல் ஐம்பது வயதிலும் செய்யக்கூடியவை. பள்ளியை விட்டுப் போகும் ஒவ்வொருவரும் இவற்றில் இரண்டையாவது தனியாகச் செய்யத் தெரிந்தவராக வெளியேற வேண்டும். பொதுத் தேர்வு ஆண்டில் பாடவேளை சுருங்கினாலும் காலையில் பதினைந்து நிமிடமாவது காப்பாற்றுங்கள். தூக்கமும் பதற்றமும் சீராக அது உதவும்.

பெண்பிள்ளைகள்

உலக அளவில் 2016-ஆம் ஆண்டுத் தரவுகளின்படி, 11 முதல் 17 வயது வரையுள்ளவர்களில் 81 சதவீதம் பேருக்குப் போதிய உடலசைவு இல்லை. ஆண்பிள்ளைகளில் 78 சதவீதம், பெண்பிள்ளைகளில் 85 சதவீதம். இந்த இடைவெளிக்குக் காரணம் ஆசைக் குறைவு என்று எண்ணிவிடாதீர்கள். பெண்பிள்ளைகளைத் தடுப்பவை பெரும்பாலும் நாம் சரிசெய்யக்கூடியவை.

உடை: பி.டி. நாளில் டிராக் பேன்ட்டும் டி-ஷர்ட்டும் அணிந்துவர அனுமதியுங்கள். துப்பட்டாவோடு யாரும் ஓட முடியாது.

கழிப்பறை: தண்ணீரும் தாழ்ப்பாளும் உள்ள கழிப்பறையும், நாப்கின் கிடைக்கும் வசதியும் மைதானத்துக்கு முந்தைய தேவைகள்.

மாதவிடாய்: அந்த நாள்களில் விளையாடுவதால் தீங்கில்லை; வலி இருந்தால் ஓய்வெடுக்கலாம். முடிவு பிள்ளையுடையது. காரணம் கேட்டு எல்லோர் முன்னும் நிறுத்தாதீர்கள்.

இடம்: மைதானத்தின் நடுப்பகுதியை ஆண்பிள்ளைகள் எடுத்துக்கொண்டு பெண்பிள்ளைகளுக்கு ஓரம் மிஞ்சுவது வழக்கம். நாள் முறை வைத்து நடுப்பகுதியை அவர்களுக்கும் கொடுங்கள்.

மாற்றுத்திறன் உள்ள பிள்ளைகள்

சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டியில் பிறந்த மாரியப்பன் தங்கவேலுவுக்கு ஐந்து வயதில் பேருந்து ஏறி வலது கால் நசுங்கியது. பள்ளியில் உடற்கல்வி ஆசிரியர் அவரை உயரம் தாண்டச் சொல்லி ஊக்கப்படுத்தினார். 2016-இல் ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வென்றார். பதக்கம் எல்லோருக்கும் வராது. ஆனால் "நீ உட்காரு, உன்னால முடியாது" என்று சொல்லாத ஆசிரியர் எல்லாப் பிள்ளைக்கும் கிடைக்கலாம்.

செய்யக்கூடியவை எளியவை. பந்தைப் பெரிதாக்கலாம், தூரத்தைக் குறைக்கலாம், வலையைத் தாழ்த்தலாம். பார்வைக் குறைபாடு உள்ள பிள்ளைக்குப் பந்துக்குள் சலங்கை போடலாம். காது கேளாத பிள்ளைக்கு விசிலோடு கொடியும் அசைக்கலாம். ஸ்கோர் எழுதும் வேலையை மட்டும் நிரந்தரமாகக் கொடுத்து உட்கார வைப்பதைத் தவிருங்கள். உடல் பருமனான பிள்ளைக்கும் இது பொருந்தும். அவர் எடையை எல்லோர் முன்னும் படித்துச் சொல்லாதீர்கள்.

இடமும் பொருளும் குறைவென்றால்

நகரத்தில் பல பள்ளிகளுக்கு மைதானமே இல்லை. அப்போதும் சுண்ணாம்புக் கட்டியும் ஸ்கிப்பிங் கயிறும் பழைய துணிப் பந்தும் இருந்தால் பாடவேளை நடக்கும். தாழ்வாரத்தில் பாண்டிக் கட்டம் வரையலாம். வளையப்பந்துக்கு ஒரு ரப்பர் வளையமும் குறுக்கே கட்டிய கயிறும் போதும். வகுப்பைப் பிரித்து ஒரு மூலையில் கயிறு, இன்னொன்றில் எறிதல், மற்றொன்றில் தண்டால் என்று ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை மாற்றினால் சிறிய முற்றத்திலும் எல்லோரும் அசைவார்கள். உடற்கல்வி ஆசிரியர் இல்லாத தொடக்கப் பள்ளியில் வகுப்பாசிரியரே இதைச் செய்யலாம். ஆட்டத்தில் தேர்ச்சி தேவையில்லை, விதியும் பாதுகாப்பும் தெரிந்தால் போதும்.

வெயில், வயிறு, பாதுகாப்பு

உச்சி வெயிலில் பி.டி. பீரியட் போடாதீர்கள். முதல் இரண்டு பாடவேளைகளும் கடைசிப் பாடவேளையும் நம் ஊருக்கு ஏற்றவை. எல்லா வகுப்புக்கும் காலை நேரம் கிடைக்காது என்றால் வாரந்தோறும் மாற்றிப் போடுங்கள்.

ஆட்டத்துக்கு முன்பும் நடுவிலும் பின்பும் தண்ணீர். தலைசுற்றல், குமட்டல், தடுமாற்றம் தெரிந்தால் உடனே நிழலுக்குக் கொண்டுபோய் உடலை ஈரத்துணியால் குளிர்வியுங்கள். உளறலோ மயக்கமோ இருந்தால் 108-ஐ அழையுங்கள்.

காலையில் சாப்பிடாமல் வந்த பிள்ளையை ஓடவிடாதீர்கள். தமிழ்நாட்டில் 2022 முதல் அரசு தொடக்கப் பள்ளிகளில் காலை உணவு கிடைக்கிறது. பெரிய வகுப்புகளில் "சாப்பிட்டியா?" என்று தனியாகக் கேட்பதை வழக்கமாக்குங்கள். மதிய உணவு முடிந்த உடனே கடும் ஓட்டம் வேண்டாம்.

ஆஸ்துமா, இதயக் கோளாறு, வலிப்பு உள்ள பிள்ளைகளின் பட்டியல் ஆண்டுத் தொடக்கத்திலேயே உங்கள் கையில் இருக்கட்டும். பெரும்பாலோர் மருத்துவர் சொன்ன அளவில் பங்கெடுக்கலாம். இன்ஹேலர் மைதானத்துக்கே வர வேண்டும்.

பெற்றோர் செய்ய வேண்டியது

வீட்டில் "இன்னைக்கு என்ன படிச்ச?" என்று கேட்பதோடு "இன்னைக்கு என்ன விளையாடின?" என்றும் கேளுங்கள். வாரம் முழுக்க பதில் ஒன்றுமில்லை என்றால் பாடவேளை நடக்கவில்லை என்று பொருள்.

கல்வி உரிமைச் சட்டப்படி அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவிபெறும் பள்ளிகளிலும் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. அதில் பெரும்பான்மை பெற்றோர்தான். அடுத்த கூட்டத்தில் இந்த மூன்று கேள்விகளைப் பதிவேட்டில் ஏற்றச் சொல்லுங்கள்: சென்ற மாதம் ஒவ்வொரு வகுப்புக்கும் எத்தனை உடற்கல்விப் பாடவேளை உண்மையில் நடந்தது? விளையாட்டுப் பொருள்கள் பீரோவில் பூட்டிக் கிடக்கின்றனவா, பிள்ளைகள் கைக்கு வருகின்றனவா? பெண்பிள்ளைகளும் மாற்றுத்திறன் பிள்ளைகளும் ஆடுகிறார்களா? ஆசிரியரிடம் குறை கேட்கும் தொனியில் போகாதீர்கள். ஆள் பற்றாக்குறையோடு போராடும் உடற்கல்வி ஆசிரியருக்கு உங்கள் கேள்வியே துணை.

பருவத்துக்கு ஒருமுறை சரிபார்க்க

மதிப்பீட்டிலும் ஒப்பீடு வேண்டாம். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, சென்ற பருவத்தில் எத்தனை முறை ஸ்கிப்பிங் குதித்தது, இப்போது எத்தனை முறை என்று மட்டும் எழுதுங்கள். தன்னை முந்திய பிள்ளைக்கு அதுவே வெற்றி.

தலைமை ஆசிரியர் கீழ்க்கண்டவற்றுக்கு ஆம் என்று சொல்ல முடிகிறதா என்று பாருங்கள்:

• தேர்வு மாதத்திலும் உடற்கல்விப் பாடவேளை கைமாறவில்லை.
• பாடவேளையில் எந்த நேரம் பார்த்தாலும் பாதிப் பேராவது அசைகிறார்கள்.
• யாரும் தண்டனையாக ஓடவில்லை. யாரும் கடைசி ஆளாகப் பிரிக்கப்படவில்லை.
• ஏழாம், எட்டாம் வகுப்புப் பெண்பிள்ளைகள் ஒவ்வொரு வாரமும் குதித்து ஓடுகிறார்கள்.
• மாற்றுத்திறன் பிள்ளைகள் ஆட்டத்துக்குள் இருக்கிறார்கள்.
• மேல்நிலை மாணவர் ஒவ்வொருவருக்கும் தனியாகச் செய்யத் தெரிந்த இரண்டு பயிற்சிகள் உண்டு.

ஆறுக்கும் ஒரே நாளில் ஆம் வராது. இந்த வாரம் ஒன்றை மட்டும் எடுங்கள்: கேப்டன் ஆள் பிரிக்கும் முறையை நிறுத்துங்கள். அதற்குக் காசு வேண்டாம், ஆணை வேண்டாம், மைதானம்கூட வேண்டாம். அடுத்த வாரம் கால அட்டவணையைக் கையில் எடுத்து, பி.டி. பீரியடை யாரும் வாங்க முடியாத பாடவேளையாக அறிவித்துக் கையெழுத்திடுங்கள்.